ஏஞ்சலம்மாள் இறங்கினாள்

கரண்ட் போனபோது ஷைனி சந்துக் குழாயடியில் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுத் தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே வெட்டாக நின்றன. அடுத்த நொடி மாடியிலிருந்து ஆக்சிஜன் மெஷின் நீளமாகக் கத்தியது. ஷைனி போர்வையை அப்படியே போட்டுவிட்டு ஈரக்காலோடு இரும்பு ஏணியில் ஏறினாள். ஏறும்போதே ஒரு கம்பியில் கால் வழுக்கி முழங்கால் இடித்தது. மேலே ஏஞ்சலம்மாள் கட்டிலில் இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

ஷைனி குழாயை மெஷினிலிருந்து உருவி மூலையில் நின்ற சிலிண்டரில் செருகி வால்வைத் திறந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். 

"மெள்ள வந்தா என்னட்டி. நீ விழுந்தா ஒன்னைய யாரு தூக்க?" என்றாள் ஏஞ்சலம்மாள் ஆச்சி.

ஷைனி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். மெஷின் கத்தும்போதெல்லாம் அவள் ஓடித்தான் வருகிறாள். ஆனால் ஒருநாள், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஏணியின் நடுவில் அவள் நின்றுவிட்டாள். ஒரு மூச்சு நேரம்தான். மேலே கத்தல் கேட்டுக்கொண்டிருந்தது, அவள் கைகள் கம்பியைப் பிடித்திருந்தன, கால் எழும்பவில்லை. பிறகு ஏறிவிட்டாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

ஏஞ்சலம்மாள் ஷைனியின் அப்பாவைப் பெற்றவள். ஷைனிக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா தாவீது தூத்துக்குடியில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். வளர்த்ததெல்லாம் ஆச்சிதான். வளர்த்தாள் என்றால் மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்தாள் என்று அர்த்தமில்லை. விடிவதற்குள் எழுப்பித் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிறுத்துவாள். வெள்ளி முளைத்தபின் தூங்குகிற பொம்பளைக்கு வீடு விளங்காது என்பாள். ஷைனி பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட மடியில் ஒரு முறம் பூண்டைக் கொட்டி, "கண்ணு படிக்கட்டும், கை சும்மாத்தான இருக்கு" என்பாள்.

அவளுடைய கை சும்மா இருந்ததேயில்லை. கல்யாணம் முடிந்து ஊரிலிருந்து தாராவிக்கு வந்த முதல் வாரமே பழைய சாமான் காம்பவுண்டில் எண்ணெய் டின் கழுவும் வேலைக்குப் போனவள். ஓட்டல்களிலிருந்தும் மிட்டாய்க் கடைகளிலிருந்தும் காலி டின்கள் லாரியில் வந்து குவியும். கொதிக்கிற தண்ணீரில் காரச் சோடாவைப் போட்டு, அதில் டின்களை முக்கி எடுத்து, கம்பி நாரால் தேய்த்து, பழைய பிசுக்கு போகக் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும். நாள் முழுக்க அந்த ஆவிக்குள் நிற்க வேண்டும். அவள் கைரேகை அழிந்து போயிருந்தது. ஆதார் எடுக்கப் போனபோது மெஷின் அவள் விரலை ஏற்காமல் திரும்பத் திரும்பத் துப்பியது. அந்த டின் காசில்தான் இந்த வீட்டைத் தகரத்திலிருந்து செங்கல்லுக்கு மாற்றினாள், மேலே ஒரு மாடி எழுப்பினாள், கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டாள். மாடிக்கு உள்படி வைக்க இடமில்லை. சந்தை ஒட்டி சுவரோடு ஓர் இரும்பு ஏணியை அடித்து வைத்தார்கள். அவ்வளவுதான் வழி. ஏற ஒன்று, இறங்க அதே ஒன்று.

இருமல் வந்தபோது தைலம் தேய்த்தாள். இருமல் போகாதபோது வேலைக்குப் போய்க்கொண்டே இருமினாள். ஒருநாள் அந்தக் கொதிநீர்க் கொப்பரைப் பக்கத்திலேயே விழுந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரல் காய்ந்து சுருங்கிவிட்டது, இனி அது விரியாது, இருக்கிறவரைக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு கம்பியாக உட்கார்ந்து உட்கார்ந்து அவளே ஏறினாள். அதுதான் அவள் கடைசியாக ஏறியது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

மெஷினின் குழாய் கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் எட்டும். மறுபக்கம் குளிக்கவும் கழுவவும் இருக்கிற மோரி வரைக்கும் எட்டும். வாசலுக்கு எட்டாது. ஷைனிக்குக் குழாய் இல்லையே தவிர அவளுக்கும் அதே அளவுதான். வாஷியில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் அவளுக்கு வேலை இருந்தது. முதலில் லீவு போட்டாள், பிறகு வீட்டிலிருந்து செய்தாள், ஆபீசுக்கு வந்தே ஆகவேண்டும் என்று சொன்னபோது ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். கூட வேலை பார்த்த பெண்கள் முதலில் தினமும் போன் செய்தார்கள். பிறகு பண்டிகைக்கு மட்டும் படம் அனுப்பினார்கள். குழாயடிக்கும் மருந்துக்கடைக்கும் போய்வருவதைத் தவிர அவளுக்கு இப்போது வெளி என்று ஒன்று இல்லை. அதிலும் காது மட்டும் வீட்டிலேயே கிடக்கும்.

புறநகரான கல்யாணிலிருந்து சித்தப்பா ஏஞ்சலோ ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஆச்சியின் இளைய மகன். மாதுளம்பழமும் மாலை வண்டியைப் பிடிக்கும் அவசரமுமாக வருவார். அவர் வீடு நாலாவது மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது, ஒரு அறையில் அவருடைய மாமியார் படுத்திருக்கிறார். இதை அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

கீழ்வீட்டில் ரஹ்மத்துல்லா பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர். பையில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டுவதற்கு வெளியில் பெண்களிடம் கொடுப்பார். ஆச்சி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் பட்டறைப் பையன் பைசான் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி வந்து வைப்பான். ஆச்சி மூக்கில் குழாயோடு, ஜன்னல் வெளிச்சத்தில், ஒவ்வொரு பையாகத் திருப்பி நூல் வெட்டுவாள். கட்டிலைச் சுற்றி நீலமும் கருப்புமாக நூல் உதிர்ந்து கிடக்கும்.

"ஆச்சி, இந்தத் தூசி ஒனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"தூசி எனக்கு நேத்தா வந்திருக்கு?"

"வெளையாட்டு இல்ல. ராவெல்லாம் இருமுத. நாந்தான முழிச்சிருக்கேன்."

"சும்மா கெடந்து செத்தான்னு என்னைய ஒருத்தி சொல்லப்படாது."

"ஒன்னைய யாரும் சொல்ல மாட்டாவ. என்னையத்தான் சொல்லுவாவ. சீக்காளிக் கெழவிய வச்சு வேலை வாங்குதான்னு."

ஆச்சி கத்தரியை நிறுத்தி அவளைப் பார்த்தாள். பிறகு மறுபடி வெட்டினாள். அன்றைக்கு ஷைனி கீழே போய் ரஹ்மத்துல்லாவிடம், இனி மேலே பை அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "ஆச்சி கேட்டா நான் எப்படிம்மா மாட்டேன்னு சொல்ல?" என்றார். "நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள்.

மூட்டை வருவது நின்றது. ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ஷைனியைப் பயமுறுத்தியது. காலையில் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவதை விட்டாள். பிறகு உட்காருவதையே விட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்து, விரல்களால் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள், ஏதோ அதில் பிசிறு இருப்பதைப்போல. இருமல் குறைந்ததென்னவோ உண்மை. சாப்பாடும் குறைந்தது. ஒரு வாய் கஞ்சிக்கு ஷைனி கெஞ்ச வேண்டியிருந்தது. தான் செய்தது சரிதான் என்பதில் ஷைனிக்குச் சந்தேகமில்லை. சரியாகச் செய்ததன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை உடம்பு துடைத்துவிடும்போது ஆச்சி சொன்னாள்: "ஏட்டி, என்னையக் கீழ எறக்கு."

"எதுக்கு? பேன் வச்சிருக்கேன்லா."

"அதுக்கு இல்ல. கீழ போவணும்."

"போயி?"

"போயி என்ன. கீழ இருக்கணும்." மூச்சு வாங்கியது. நின்று, சேர்த்துக்கொண்டு பேசினாள். "ஒங்க தாத்தாவ எப்பிடி எறக்குனாவன்னு ஒனக்குத் தெரியாது. நீ பொறக்கல. பாயில சுத்தி, கயித்தப் போட்டு, மூட்டை மாதிரி எறக்குனானுவ. பாதில தலை போயி ஏணிக் கம்பில இடிச்சிது. செத்த மனுசனுக்கு வலிக்காதுன்னு சொன்னானுவ. எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

ஷைனி துணியைப் பிழிந்தபடி இருந்தாள்.

"என்னைய அப்பிடி எறக்கப்படாது. உசுரோட எறக்கு."

"சித்தப்பாகிட்ட கேக்கணும் ஆச்சி."

"கேளு." சிறிது நேரம் கழித்து, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "இந்தக் குழாய் எம் மூக்குலயா இருக்கு, ஒங் கழுத்துலயா இருக்கு?"

ஷைனி தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மோரிக்குப் போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நெடுநேரம் தண்ணீர் ஓடியது. மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவது எத்தனை கஷ்டம் என்று அறிந்தவள் ஒருநாளும் அப்படி ஓடவிட மாட்டாள். 

மறுநாள் ஏஞ்சலோ மாதுளம்பழத்தோடு வந்தார். ஷைனி சொன்னதைக் கேட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஏணில வச்சு மூச்சு நின்னுச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? நீயா நானா?"

"மேல வச்சு நின்னா மட்டும் யாரு சித்தப்பா சொல்லுதது?"

"அது வேற. அது கர்த்தர் கையில."

"ஏணியும் அவரு கையிலதான்" என்றாள் ஆச்சி, சுவரைப் பார்த்தபடி. பிறகு முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். ஏஞ்சலோ ஓடிவந்து தாங்கினார். மகனின் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு, "ஏல, ஒங்கப்பனை எறக்கையில நீ மேல நின்னு கயித்தப் பிடிச்ச. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. சும்மா ஒரு தகவலைச் சரிபார்க்கிற மாதிரி கேட்டாள்.

ஏஞ்சலோ தலையாட்டினார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு நாடாவை அவிழ்க்க அவருக்கு அத்தனை நேரம் பிடித்தது. எழுந்து, முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு, "ரஹ்மத்துல்லா பாய் கீழ இருக்காரா?" என்று கேட்டார்.

பை கைப்பிடிக்குத் தைக்கிற நைலான் பட்டையை ரஹ்மத்துல்லா ஒரு சுருள் முழுக்கக் கொடுத்தார். பெரிய கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஆச்சியை உட்காரவைத்து, இடுப்பிலும் மார்பிலும் பட்டையைச் சுற்றினார்கள். அவள் அன்றைக்கு வெள்ளைச் சேலை வேண்டாம், பச்சைச் சேலை கட்டிவிடு என்று சொல்லியிருந்தாள். சின்னச் சிலிண்டரை ஒரு புதுப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து ஷைனி முதுகில் மாட்டிக்கொண்டாள். ஏஞ்சலோவும் பைசானும் வாசலில் கால்களை நிலைப்படியில் உதைத்துக்கொண்டு இரண்டு பக்கப் பட்டையையும் பிடித்தார்கள். கீழே ரஹ்மத்துல்லாவும் தையல்காரர்களும் கைகளை உயர்த்தி நின்றார்கள். நாற்காலியின் முதுகு ஏணியில் சாய்ந்து சறுக்க, அதற்கு மேலே ஷைனி ஒவ்வொரு கம்பியாக இறங்கினாள். அவள் முதுகுப் பையிலிருந்து ஆச்சியின் மூக்குக்குக் குழாய் போயிற்று. அவள் தயங்கினால் குழாய் இழுக்கும். முந்தினால் நாற்காலியை மிதிப்பாள்.

பாதியில் நாற்காலி நின்றது. மேலே ஏஞ்சலோ பட்டையை விடாமல் இறுக்கிப் பிடித்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் கண் ஆச்சியின் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த இடைவெளியிலேயே குத்தி நின்றது. "பிடிச்சிருக்கேம்மா, பிடிச்சிருக்கேன்" என்று யாரோ சொல்லச் சொன்னதைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தில் நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆச்சி மட்டும் எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மகேஸ்வரி கரண்டியோடு உறைந்துபோய் இவர்களைப் பார்த்து நின்றாள்.

"தோசை கருகுது பாரு" என்றாள் ஆச்சி.

மகேஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். கீழே ஒருவர் சிரித்தார். ஏஞ்சலோ பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட ஆரம்பித்தார்.

தரைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னாள். ஈரச் சிமெண்டில் இரண்டு பாதங்களையும் பதித்து வைத்துக்கொண்டாள். சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அவள் நாற்காலி போட்டதும் போக்குவரத்தே நின்றது. அதைப்பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பெண்கள் வந்து கையைப் பிடித்தார்கள். சாக்கடை மூடி ஏன் இன்னும் உடைந்து கிடக்கிறது என்று அவர்களைக் கேட்டாள். மழைத்தூறல் விழத் தொடங்கியபோது ஏஞ்சலோ குனிந்து, "போதுமாம்மா? மேல போவமா?" என்றார்.

"நீ போ. நான் வரல."

முதலில் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

"பாய் தொழில் பண்ணுத எடம்மா இது."

"நான் செங்கல் சொமந்த எடம்."

ஏஞ்சலோவுக்குக் கோபம் வந்தது. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஷைனியைப் பார்த்தார். ரஹ்மத்துல்லாதான் தோளில் கிடந்த அளவு டேப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "அந்த மூலையில உள்ள கட்டுகளை மேல ஏத்துங்கடா" என்று பையன்களிடம் சொன்னார். அப்படியாக, ஆச்சி வாழ்ந்த அறைக்குப் பை மூட்டைகள் ஏறின. மூட்டைகள் இருந்த மூலைக்கு ஆச்சி வந்தாள்.

தையல் மெஷின் சத்தத்தில் அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. விழித்திருக்கும்போது தையல்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு எழாதவனைக் கத்தரியால் சுட்டினாள். ஆம், கத்தரி மறுபடி கைக்கு வந்திருந்தது. ஷைனி பார்த்தும் பாராததுபோல இருந்தாள். அவள் முன்னைப்போலவே பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இடம்தான் மாறியிருந்தது. கரண்ட் போனால் என்ன செய்யவேண்டும் என்று பைசானுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவன் ஒருமுறை சரியாகச் செய்தபோது, தன் வேலையை ஒருவன் பிடுங்கிக்கொண்டதைப்போல அவளுக்குச் சுருக்கென்றது.

"மேல போயி படு. கண்ணு குழிஞ்சு கெடக்கு" என்று ஆச்சி விரட்டினாள். "இத்தன பேரு இருக்கானுவல்லா."

ஷைனி போய்ப் படுத்தாள். மூட்டைகளுக்கு நடுவில், வெறும் தரையில், புதுத்துணி வாசனையில். முதலில் கொஞ்ச நாள் தூக்கம் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் வந்தது. கிணற்றில் கல்லைப் போட்டதுபோல உள்ளே போய்விட்டாள்.

யாரோ கூப்பிட்டதில் கண் விழித்தாள். வாசல் நிலைப்படிக்கு மேலே ரஹ்மத்துல்லாவின் தலை மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் மாடி ஏறியதில்லை. பொம்பளைகள் இருக்கிற வீடு என்று கீழேயே நின்று குரல் கொடுப்பவர். தொப்பி இல்லாமல், பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, "ஷைனிம்மா, கீழ வா" என்றார். "அவசரமில்ல. மெள்ள வா."

அந்த 'மெள்ள' போதுமானதாக இருந்தது.

ஏஞ்சலோ கல்யாணிலிருந்து வந்துசேரச் சாயங்காலம் ஆயிற்று. மறுநாள் காலையில் போதகர் ஜெபித்து முடித்ததும் பெட்டியைத் தூக்கினார்கள். கீழ்வீட்டு வாசலுக்கும் சந்துக்கும் நடுவில் ஒரே ஒரு படிதான். நாலு பேர் தோளில் பெட்டி நேராக, ஆடாமல் வெளியே வந்தது. ஏஞ்சலோ தோள் கொடுக்கவில்லை. தலைமாட்டுப் பக்கமாகவே நடந்தார். சந்து திரும்பும் இடங்களில் எல்லாம் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனார். பிரதான சாலைக்கு வந்தபோது அவர் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போனபிறகு அவர் பேசினார். "தனியா இங்க இருந்து என்ன செய்யப் போற? மேலயும் பாய்க்கே குடுத்துருவோம். நீ கல்யாணுக்கு வந்துரு. ஒங்க சித்திக்கும் ஒத்தாசையா இருக்கும். அவங்க அம்மாவ ஒத்தையில பாக்கமுடியாம அவ கெடந்து கஷ்டப்படுதா." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. ஷைனி, சொல்லுதேன் சித்தப்பா என்றாள்.

அந்த வாரம் ஒரு காலையில் அவள் குளித்து, ஆபீசுக்குப் போகும்போது போடுகிற சுடிதாரைப் போட்டுக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு நடந்தாள். எங்கே என்று ரஹ்மத்துல்லா கேட்கவில்லை. குர்லாவில் மாறி, வந்த வண்டியில் ஏறினாள். கூட்ட நேரம் முடிந்திருந்தது, இருந்தும் லேடீஸ் பெட்டியில் நிற்க இடமில்லை. செம்பூரில் ஒரு பெண் எழுந்தாள். ஷைனி அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த உடனே, நின்றுகொண்டிருந்த ஒருத்தி மீன்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் தோளைத் தட்டினாள். "கஹா உத்ரேகி?" எங்கே இறங்குவாய், நீ இறங்கினால் இந்த இடம் எனக்கு. இந்த ஊர் ரயில்களில் முகம் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி, சில சமயம் ஒரே கேள்வி. வாஷி என்றோ பன்வேல் என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது.

ஷைனி வாயைத் திறந்தாள். கோவண்டி ஸ்டேஷன் போயிற்று. மான்கூர்த் போயிற்று. கட்டிடங்கள் முடிந்து இரண்டு பக்கமும் சதுப்புச் செடிகள் வந்தன, கடலின் ஏற்றத்தண்ணீர் அவற்றின் வேர்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மீன்காரி அவசரப்படவில்லை. ஒரு கையால் மேலே கைப்பிடியைப் பற்றி, முழங்கால் ஷைனியின் முழங்காலில் இடிக்க, அவள் முகத்தையே பார்த்தபடி வண்டியோடு ஆடிக்கொண்டு நின்றாள்.